பதினோராவது மோட்டார்

கப்பல் பழுதுபார்க்கும் அந்த யார்டில் அவரை 'ரூல்ஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவருக்கு அதில் வருத்தம் கிடையாது, உள்ளுக்குள் ஒரு மிதப்புகூட உண்டு. இருபத்தாறு வருஷமாகக் கப்பல்களில் மின்சார வேலை. இதுவரை ஒரு ஒயர்கூடத் தன் கையால் தப்பாகப் போனதில்லை என்பதை அவரே பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். பழுதுக்கு வந்த கப்பலுக்குள் காலை வைத்ததும் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "எந்தப் புண்ணியவான் இதைப் போட்டான்?" என்பதுதான் முதல் பேச்சு. ஒரு பெட்டியின் மூடியில் நாலு திருகு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்துவிட்டால் போச்சு, நாலாவது கிடைக்கும் வரை பக்கத்தில் இருக்கிற எவனையும் டீ குடிக்க விடமாட்டார். வேலை தெரிந்தவர், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் கூட நின்று வேலை பார்க்க லாயக்கில்லாத மனிதர்.

இவருக்கு நேர் எதிராக அதே யார்டில் இன்னொரு எலக்ட்ரீஷியன் இருந்தான். அவன் இவருடைய கூடப்பிறந்த தங்கச்சியின் புருஷன். அவனுக்கு 'டெம்ப்ரவரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். எதைக் கேட்டாலும், "இப்போதைக்கு டெம்ப்ரவரியா போட்டிருக்கேன், அப்புறம் பார்த்துக்கலாம்" என்பான். கை வேகம், மூளையும் உண்டு, பொறுமைதான் மருந்துக்கும் கிடையாது. அவன் டெம்ப்ரவரியாக முறுக்கிவிட்ட ஒயர்கள் இன்னும் ஏழெட்டுக் கப்பல்களில் உலகத்தைச் சுற்றிக்கொண்டிருப்பதாக யார்டில் கிண்டல் பண்ணுவார்கள்.

இந்த இரண்டு பேருக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. காரணம் ஒரு ஃபியூஸ். ஒரு இழுவைப் படகில் எரிந்துபோன ஃபியூஸுக்குப் பதிலாக டெம்ப்ரவரி செப்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தான். ரூல்ஸ் அதைக் கண்டுபிடித்தார். கூப்பிட்டு நாலு வசவு வைது, கம்பியைப் பிடுங்கி எறிந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். இவர் என்ன செய்தார்? ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, தேதி போட்டு, கோடு போட்டு, மாப்பிள்ளையின் பெயரை முழுசாக எழுதி மேலே அனுப்பிவிட்டார். அவனை ஒரு மாதம் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். "கூட உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டே குழி பறிச்சுட்டாரு உங்க அண்ணன்" என்று அவன் மனைவியிடம் சொன்னான். அதைக் கேட்ட அண்ணன், "குழி பறிக்கல, குழியை மூடினேன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு" என்றார். நேருக்கு நேர் பேசுவது அன்றோடு முடிந்தது.

இதில் கொடுமை என்னவென்றால் இரண்டு பேரும் இருந்தது ஒரே வீடு. கீழே தங்கச்சியும் புருஷனும், மேலே கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று இருந்துவிட்ட அண்ணன். நடுவில் ஒரு குறுகலான மாடிப்படி. அந்தப் படிக்கட்டு பல்பு எரிந்துபோய் இரண்டு வருஷமாகிறது. ஸ்விட்ச் கீழ் வீட்டுக்குள் இருக்கிறது, அதனால் அது அவன் பொறுப்பு என்றார் அண்ணன். பல்பு மாடி வாசலில் இருக்கிறது, அதனால் அது அவர் பொறுப்பு என்றான் மாப்பிள்ளை. இரண்டு எலக்ட்ரீஷியன்கள் குடியிருக்கும் வீட்டில் தங்கச்சி சாப்பாட்டுத் தட்டோடு இருட்டில் தடவித் தடவி மாடி ஏறினாள். இதைவிடக் கேவலம் வேறு உண்டா, நீங்களே சொல்லுங்கள்.

யார்டிலும் இதே கூத்துதான். ஒருவருக்குக் காலை ஷிஃப்ட், இன்னொருவனுக்கு மத்தியானம் இரண்டு மணியிலிருந்து. ஒரே கப்பலில் ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடங்க வேண்டும். தான் கை வைத்த பெட்டிகளில் ரூல்ஸ் சிவப்பு டேப் சுற்றுவார். டெம்ப்ரவரி மஞ்சள் டேப் சுற்றுவான். மஞ்சள் டேப் சுற்றிய பெட்டியை ரூல்ஸ் செத்தாலும் தொடமாட்டார். "அவன் கை வச்சதுல நான் கை வைக்க மாட்டேன். வெடிச்சா அவன் பாடு" என்பார். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத இந்த ஒரு ரூலை மட்டும் அவரே எழுதிக்கொண்டார்.

அப்படியானால் எந்த மோட்டார் ஓடுகிறது, எது ஓடவில்லை என்ற சேதியெல்லாம் எப்படிப் போய்ச் சேரும்? தங்கச்சி வழியாகத்தான். அவளும் அதே யார்டில்தான் வேலை பார்த்தாள், கப்பலின் அடிவயிற்றில் இருக்கும் டேங்குகளுக்குள் இறங்கிப் பெயின்ட் அடிக்கிற வேலை. பகல் பூராவும் பெயின்ட் வாடையில் கிடந்துவிட்டு வந்து, ராத்திரி சாப்பாடு போடும்போது, "ரெண்டாம் நம்பர் பம்ப்ல எர்த் அடிக்குதாம், சொல்லச் சொன்னாரு" என்பாள். காலையில் கீழே போய், "அண்ணன் அதைச் சரி பண்ணிட்டாராம்" என்பாள். பம்ப் என்றால் என்ன, எர்த் என்றால் என்ன என்று அவளுக்கு என்ன கவலை? ஆறு வருஷம் சுமந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. தட்டை மேஜையில் ணங்கென்று வைத்தாள்.

"இனிமே நான் எதையும் சொல்ல மாட்டேன். உனக்கும் சொல்ல மாட்டேன், அவருக்கும் சொல்ல மாட்டேன். வாய் இருக்குல்ல ரெண்டு பேருக்கும்? பேசுங்க."

"அவன்கிட்டயா? நானா?" என்று சிரித்தார் ரூல்ஸ்.

"சிரிக்காதண்ணே. எரியுது எனக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், பழுதுக்கு வந்திருந்த சரக்குக் கப்பல் ஒன்றை வெளித்துறையிலிருந்து உள்துறைக்கு நகர்த்தினார்கள். அது டெம்ப்ரவரியின் ஷிஃப்ட், புது இடத்தில் மின்சாரம் மாட்டிக் கொடுத்ததும் அவன்தான். கப்பல் கரையில் நிற்கும்போது அதன் சொந்த ஜெனரேட்டர்கள் ஓடாது. கரையிலிருந்து தடித்த கேபிள் போட்டு, மேல்தளத்தில் இருக்கும் ஒரு பெட்டி வழியாக மின்சாரம் கொடுப்பார்கள். அதில் மூன்று ஒயர்கள். அவற்றில் எந்த இரண்டு இடம் மாறினாலும் கப்பலில் உள்ள அத்தனை மோட்டாரும் எதிர்ப்பக்கம் சுற்றும். வரிசை சரியா தப்பா என்று காட்ட அந்தப் பெட்டியிலேயே இரண்டு விளக்குகள் உண்டு. அன்றைக்குத் 'தப்பு' என்கிற விளக்குதான் எரிந்தது. சரி செய்ய வேண்டுமென்றால் கப்பல் முழுவதையும் இருட்டாக்க வேண்டும், ஃபோர்மேனிடம் பெர்மிட் வாங்க வேண்டும். பெயின்டர்கள் டேங்குக்குள் இறங்கக் காத்திருந்தார்கள். டெம்ப்ரவரி என்ன செய்தான் என்று நான் சொல்லவும் வேண்டுமா? டேங்கிலிருந்து பெயின்ட் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் ஃபேனின் பெட்டியைத் திறந்து, அதில் மட்டும் இரண்டு ஒயரை இடம் மாற்றிப் போட்டான். தப்பும் தப்பும் சேர்ந்து ஃபேன் சரியான பக்கம் சுற்றியது. மஞ்சள் டேப்பைச் சுற்றிவிட்டு, மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டான்.

புதன்கிழமை காலை ஐந்தரைக்கு ரூல்ஸ் மாடியில் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். கீழே மாப்பிள்ளையின் குரல் கேட்டது.

"உங்க அண்ணன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். அந்தக் கப்பல்ல..."

"எனக்கு எதுவும் சொல்லாதீங்க!" தங்கச்சி கத்தினாள். "காதைப் பொத்திக்கிட்டேன், பாருங்க. மேலதான இருக்காரு? போய் நீங்களே சொல்லுங்க!"

பிறகு சத்தமே இல்லை. படியில் காலடி கேட்கிறதா என்று ரூல்ஸ் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். கேட்கவில்லை. 'வரமாட்டான், வீம்பு பிடிச்சவன்' என்று முணுமுணுத்தார். ஏதோ சேதி இருக்கிறது என்று இவருக்கும் தெரியும். இறங்கிப் போகிறபோது அந்த வாசலைத் தாண்டித்தான் போனார். நின்று "என்ன?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தேய்ந்தா போயிருப்பார்? கேட்கவில்லை. தலையைத் திருப்பாமல் நடந்தார்.

யார்டுக்குப் போனதும் கரை மின்சாரப் பெட்டியில் தப்பு விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு அவருக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! "பார்த்தீங்களா? பார்த்தீங்களா இவன் லட்சணத்தை?" என்று ஃபோர்மேனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்து காட்டினார். பெர்மிட் எழுதினார். பெயின்டர்கள் மேலே ஏறி வந்து சாப்பிடும் நேரத்தில், பன்னிரண்டு மணிக்கு, கப்பலை இருட்டாக்கினார். யாரும் ஸ்விட்சைத் தட்டிவிடாதபடி தன் பூட்டைப் போட்டார், எச்சரிக்கை அட்டையை மாட்டினார், இரண்டு ஒயரை ஒழுங்காக மாற்றினார். மின்சாரம் திரும்பியதும் 'சரி' விளக்கு எரிந்தது. எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போன்ற சுத்தமான வேலை.

அதற்குப் பிறகு ஒரு வேலை பாக்கி உண்டு. கரை ஒயரை மாற்றினால் ஓடுகிற ஒவ்வொரு மோட்டாரும் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பட்டியலில் பதினோரு மோட்டார். தீயணைப்பு பம்ப், எஞ்சின் அறை ஃபேன், சமையலறை ஃபேன் என்று ஒவ்வொன்றாகப் பத்தைப் பார்த்து டிக் போட்டார். பதினோராவது டேங்க் ஃபேன். மேல்தளத்தில், டேங்கின் வாயருகே, நத்தை ஓடு போன்ற உறைக்குள் உறுமிக்கொண்டு ஓடியது. பத்தடி தூரத்தில் நின்றார். அதன் பெட்டியில் மஞ்சள் டேப் பளிச்சென்று தெரிந்தது.

'சுத்துதுல்ல?' என்று நினைத்துக்கொண்டார். பக்கத்தில் போகவில்லை. மூச்சை இழுத்துவிட்டு, பதினோராவது கட்டத்திலும் டிக் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டார். பார்க்காததைப் பார்த்தேன் என்று அவர் கையெழுத்துப் போட்டது இருபத்தாறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

கரை ஒயர் சரியானதால், டெம்ப்ரவரி மாற்றிவிட்டிருந்த அந்த ஃபேன் மட்டும் இப்போது எதிர்ப்பக்கம் சுற்றியது. இந்த மாதிரி ஃபேனில் ஒரு பொல்லாத குணம் உண்டு. எதிர்ப்பக்கம் சுற்றினாலும் அதே உறுமல்தான், அதே வேகம்தான். காற்று மட்டும் பேருக்குத்தான் வரும். ஒரு மணிக்குத் தங்கச்சியும் இன்னொரு பெயின்டர் பெண்ணும் முகமூடியை மாட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினார்கள். தங்கச்சி டேங்குக்குள் தடுத்திருந்த அறைகளில் கடைசி அறைக்குப் போனாள். டேங்க் வாயில் உட்கார்ந்திருந்த காவலாள் ஃபேன் சத்தத்தைக் கேட்டான், எல்லாம் சரி என்று நினைத்தான்.

ஒன்றே முக்காலுக்கு ரூல்ஸ் கைகளைத் துடைத்துக்கொண்டு மேல்தளத்தில் நின்றார். டெம்ப்ரவரி ஷிஃப்டுக்கு வந்து படியேறுவதைப் பார்த்தார். வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போனவர், அவன் கரைப்பெட்டி முன்னால் நின்று 'சரி' விளக்கையே வெறித்துப் பார்ப்பதைக் கண்டார். 'நல்லா பாரு' என்று மனசுக்குள் சிரித்தார். அவன் திரும்பினான். ஓடி வந்தான். இவரை நோக்கியேதான் ஓடி வந்தான்.

"ஃபேன்! மச்சான், ஃபேன்! அதுல ரெண்டு ஒயர் மாத்திப் போட்டிருக்கேன்!"

ஆறு வருஷத்துக்குப் பிறகு அவன் இவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

இரண்டு பேரும் ஓடினார்கள். "ஃபேன் நல்லாத்தானே சுத்துது?" என்றான் காவலாள். ரூல்ஸ், ஃபேன் காற்றைத் துப்பும் குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்தார். யாரோ தூங்கும்போது விடுகிற மூச்சு மாதிரி ஏதோ கொஞ்சம் பட்டது, அவ்வளவுதான். காவலாள் மீட்புக் குழுவுக்குச் சேதி சொல்லிவிட்டுக் கீழே குரல் கொடுத்தான். இன்னொரு பெண் மட்டும் தள்ளாடித் தள்ளாடி ஏறி வந்து, மேல்தளத்தில் விழுந்து வாந்தி எடுத்தாள். "அக்கா சிரிச்சுக்கிட்டே உட்கார்ந்துட்டாங்க, எழுந்திரிக்க மாட்டேங்கறாங்க" என்றாள். பெயின்ட் ஆவி தலைக்கேறினால் அப்படித்தான், சாராயம் குடித்த மாதிரி.

டெம்ப்ரவரி ஏணியில் காலை வைத்துவிட்டான். ரூல்ஸ் அவன் பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்தார்.

"விடுய்யா! உள்ள கிடக்கிறது என் பொண்டாட்டி!"

"போனா நீயும் விழுவே! ஆக்சிஜன் செட்டோட வருவாங்க, அதுவரைக்கும் போகக் கூடாது!"

"உன் ரூல்ஸுல மண்ணை அள்ளிப் போட! விடு!" என்று அவன் முழங்கையால் இவர் முகத்தில் குத்தினான். உதடு கிழிந்தது. இவர் விடவில்லை. அவனை இழுத்துக் காவலாளிடம் தள்ளிவிட்டு, "பிடிச்சுக்கோ அவனை!" என்று கத்திக்கொண்டே மஞ்சள் டேப் பெட்டியிடம் ஓடினார்.

ஸ்விட்சை அணைத்தார். டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தார். இரண்டு ஒயரைக் கழற்றி, இடம் மாற்றி, முறுக்கி, மூடியைப் போடாமலே ஸ்விட்சைத் தட்டினார். மூடி திறந்த பெட்டிக்கு மின்சாரம் கொடுத்த எவனையும் அவர் அதுவரை மன்னித்ததில்லை. குழாயிலிருந்து பெயின்ட் நெடி குப்பென்று முகத்தில் அடித்தது. பத்து அடி தள்ளி நின்று பார்க்காமல், பத்து விநாடி கையை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதை நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

மீட்புக் குழு ஏழு நிமிஷத்தில் வந்தது. அவளைப் பட்டையில் கட்டி மேலே தூக்கினார்கள். முகம் நீலம் பாய்ந்திருந்தது, கையில் இன்னும் பிரஷ் இருந்தது. மூச்சு இருந்தது. அவளைக் கிடத்திய இடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு இரண்டு ஆண்பிள்ளைகளும் என்ன செய்தார்கள் தெரியுமா? "ஒரு வார்த்தை எழுதி வச்சியாடா?" என்று இவர் கத்தினார். "ஒரு தடவை கையை வச்சுப் பார்த்தியா?" என்று அவன் கத்தினான். ஃபோர்மேன் வந்து இரண்டு பேரையும் நெஞ்சில் கை வைத்துத் தள்ள வேண்டியிருந்தது.

சாயங்காலம் ஃபோர்மேன் அவரைத் தனியே கூப்பிட்டார். பட்டியலை நீட்டினார்.

"உங்க பேப்பர் சுத்தமா இருக்கு, ரூல்ஸ். பதினொண்ணும் பார்த்திருக்கீங்க. நீங்க பார்த்ததுக்கு அப்புறம் யாரோ மாத்தியிருக்கணும். உங்க மாப்பிள்ளை கதை முடிஞ்சது. கவலைப்படாதீங்க."

ரூல்ஸ் பட்டியலைக் கையில் வாங்கவில்லை. கிழிந்த உதட்டைத் தொட்டுக்கொண்டே எழுந்து போனார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் தங்கச்சி கண் விழித்திருந்தாள். மூக்கில் குழாய். குரல் கரகரவென்று வந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமினார். கப்பல் எங்கே நின்றது, எந்த விளக்கு எரிந்தது, தான் எப்படிப் பெர்மிட் வாங்கினார் என்று தொடங்கினார். அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"அதெல்லாம் எனக்கு எதுக்குண்ணே? நான் உள்ள இருக்கேன்னு உனக்குத் தெரியும். ஃபேனைப் பார்த்தியா, பார்க்கலையா?"

"பார்க்கல."

"ஏன்?"

"அதுல மஞ்சள் டேப் இருந்துச்சும்மா" என்றார்.

"அவரு டேப்பு. அதனால தொடல" என்றாள். பிறகு, "நான் காதைப் பொத்திக்கிட்டேன். அது என் தப்புதான். ஆறு வருஷத்துல ஒரே ஒரு நாள் பொத்தினேன்" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், இருமல்தான் வந்தது. இருமி முடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"போண்ணே. அவரும் வர வேணாம்னு சொல்லிடு. நீயே சொல்லு."

விசாரணையில் ரூல்ஸ் எழுந்து நின்று, அந்தக் கையெழுத்து பொய் என்றார். பத்துதான் பார்த்தேன், பதினொன்றைப் பார்க்கவில்லை என்றார். எதிரே உட்கார்ந்திருந்த டெம்ப்ரவரி தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரையும் மூன்று மாதம் நிறுத்தினார்கள். திரும்பி வந்தபோது யார்டு தன் வாயை அடக்கிக்கொள்ளவில்லை. இப்போது அவரை ரூல்ஸ் என்று யாரும் கூப்பிடுவதில்லை, 'பதினொண்ணு' என்கிறார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுகிறார்கள். அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

தங்கச்சி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. கூட வேலை பார்த்த அந்தப் பெண்ணின் வீட்டில் ஒரு அறையில் இருக்கிறாள். அண்ணனும் புருஷனும் வெளியே போயிருந்த ஒரு நாள் வீட்டுக்கு வந்து தன் துணிமணிகளை எடுத்துப் போயிருக்கிறாள். போகிற போக்கில் ஒரு நாற்காலியைப் போட்டு ஏறி, படிக்கட்டில் புது பல்பு மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். நாற்காலி அங்கேயே கிடந்தது.

இப்போதும் அண்ணனும் மாப்பிள்ளையும் ஒரே கப்பலில்தான், ஷிஃப்ட் மட்டும் மாறியிருக்கிறது, காலையில் அவன், மத்தியானத்திலிருந்து இவர். ஃபோர்மேன் உத்தரவுப்படி தினமும் ஒன்றே முக்காலுக்கு மெயின் ஸ்விட்ச் போர்டு முன்னால் நேருக்கு நேர் நின்று வேலையை ஒப்படைக்க வேண்டும். முறைத்துக்கொண்டேதான் ஒப்படைக்கிறார்கள்.

"நாலாம் நம்பர் பம்ப்ல கேபிள் மாத்தியாச்சு. மூடி போட்டாச்சு" என்பான் டெம்ப்ரவரி.

"நாலு திருகுமா?"

"நாலும்தான். எண்ணிப் பாருங்க, நம்பிக்கை இல்லைன்னா."

"எண்ணத்தான் போறேன். ஃபேன்?"

"தொடல."

"கையை வச்சுப் பார்த்தியா?"

"பார்த்தேன். நீங்களும் வச்சுப் பாருங்க."

ஒரு நாள் எல்லாம் சொல்லி முடித்து டெம்ப்ரவரி நகரப் போனபோது இவர் நகரவில்லை. துடைத்த கையையே மறுபடி துடைத்துக்கொண்டு நின்றார்.

"அவ எப்படி இருக்கா? இருமல் நின்னுச்சா?"

மாப்பிள்ளை மஞ்சள் டேப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"என்னைக் கேட்டா? உங்ககிட்டயாவது ஏதாச்சும் சொல்லியிருப்பான்னு நான் இருந்தேன்."